அரங்கத்தில் ஒரு சிரிப்பு

காலையில் எழுந்ததும் கெட்டிலில் தண்ணீர் வைப்பேன். கொதிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். காப்பி கலப்பேன். ஒரு முட்டையை வேகவைத்து, சிங்க் அருகில் நின்றபடியே உரித்துச் சாப்பிடுவேன். தட்டு கழுவ வேண்டியதில்லை. சட்டையில் காலரையும் முன்பக்கத்தையும் மட்டும் தேய்ப்பேன். மேலே வேலைக் கோட்டைப் போட்டுக்கொள்வதால் மற்றது தெரியாது. டார்ச், டெஸ்டர், சாவிக்கொத்து எல்லாம் பையில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். கதவைப் பூட்டி ஒரு முறை இழுத்துப் பார்ப்பேன். படியில் இறங்குவேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. லிஃப்டுகளைச் சோதிப்பதுதான் என் வேலை. சம்பளம் கொடுக்கிற நேரத்துக்கு முன்னால் ஒரு லிஃப்டின் முகத்தில் விழிக்க விருப்பமில்லை.

என் மனைவி இருந்தபோதும் இப்படித்தான். இன்னொரு முட்டை இருந்தது, அவ்வளவுதான்.

அன்று சட்டை தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"சார், செவிடர் பேசறேன்."

செவிடருக்குக் காது நன்றாகவே கேட்கும். என் மனைவி வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு மூத்தவர். யார் எதைச் சொன்னாலும் 'என்ன?' என்று இன்னொரு தரம் கேட்பார். முதல் தரம் குரலைக் கேட்பாராம், இரண்டாம் தரம்தான் விஷயத்தைக் கேட்பாராம். பெயர் வைத்தது அவள். அவரும் அதையே தன் பெயராக வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அவள் பட்டப்பெயர் எதுவும் வைக்கவில்லை.

"சொல்லுங்க," என்றேன்.

"என்ன?"

"சொல்லுங்கன்னேன்."

"ஒரு உதவி வேணும். கேக்கவே சங்கடமா இருக்கு. அவங்க கடைசியா கம்ப்யூட்டருக்கு மாத்தின இசைத்தட்டு ஒண்ணு இருக்கு. அதுல எது அவங்க, எது அந்த ஹாலுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியலை. நீங்க வந்து சொல்லணும்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"எது அவங்கன்னா?"

"அவங்க சத்தம் சார். பதிவுல அவங்க சத்தமும் சேந்து விழுந்திருக்கு."

அவள் வேலை பழைய ஒலித்தட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது. அதிலும் அவளுக்கென்று ஒரு பகுதி இருந்தது. பெரிய நடன அரங்கங்களில் வாசித்த பேண்டுகள். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று வரிசை வரிசையாக உட்கார்ந்து ஊதுகிற பெரும் கூட்டம். ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதிவு செய்ததை அவள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, வானொலிக்காகப் பிடித்ததுதான் வேண்டும்.

வீட்டிலும் அதுதான் ஓடும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சொன்னேன்.

"தகரத்து மேல மழை பெய்யற மாதிரி இருக்கு."

"மழை முன்னாடி பெய்யுது. அவங்க பின்னாடி இருக்காங்க. நீ ஜன்னல் கம்பியையே பாத்துக்கிட்டிருக்க."

"கம்பி அவ்வளவு தடிமனா இருந்தா வேற எதைப் பாக்கறது?"

"இப்ப வர்ற பாட்டெல்லாம் கேக்கற இல்ல? அதுல எல்லாரும் உன் காதுக்குள்ள வந்து உட்காந்து வாசிக்கிறாங்க. ஒருத்தன் மடியில ஒருத்தன். இதுல அவங்கவங்க இடத்துல இருக்காங்க. இதோ, கிளாரினெட்காரர் எழுந்து மைக்கு கிட்ட நடந்து வர்றார், கேளு. வர வர வளர்றார் பாரு."

கேட்டேன். மழைதான் கேட்டது.

"இந்தக் கூட்டத்துல உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

யோசிக்கவே இல்லை. "டிரம்ஸ்காரன்."

"ஏன்?"

"எல்லாருக்கும் பின்னாடி இருக்கான். மைக்குலேருந்து ரொம்ப தூரம். ஆனா அவன் சிரிக்கிறது கேக்குது."

"சிரிக்கிறது எப்படி கேக்கும்?"

"உனக்குக் கேக்காதுடா," என்றாள். கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் சொன்னாள். இருந்தாலும் எனக்கு உறைத்தது.

அவனுக்கு அவள் 'தடியன்' என்று பெயர் வைத்திருந்தாள். குச்சியால் அடிப்பவன் என்பதால். நாங்கள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவன். அவன் மேல் பொறாமைப்படுவது படித்தவன் செய்கிற காரியம் இல்லை என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் பட்டேன். அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் திறந்தால், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். நான் வந்ததே தெரியாது. தோளைத் தொட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாள். அந்த முதல் நொடியில் அவள் முகத்தில் இருப்பது எனக்கானது இல்லை. பிறகு என்னை அடையாளம் கண்டு சிரிப்பாள். அது எனக்கானது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

அவள் ஒரு மாலை, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான் போகும்போது பேச்சு இல்லை. திரும்பவும் வரவில்லை.

அவள் அம்மா, என் அத்தை, துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் ஒன்று சொல்வார். "அன்னிக்கு மத்தியானம் எனக்குப் போன் பண்ணினா. 'அவரைப் பாத்துக்கோம்மா'ன்னா. அதான் கடைசி. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க." வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன்.

அந்தப் போன் ஜன்னல் திரைத் துணியைப் பற்றியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தையே என்னிடம் சொன்னார். துணி கடையிலேயே இருக்கிறதா, அதைப் பார்த்துக்கொள் என்றாளாம். போகப் போக அந்தத் துணி நானாக மாறிவிட்டது. திருத்தவில்லை. அத்தைக்கு அது வேண்டியிருக்கிறது.

எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அன்று காலை வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் என்னவோ சொன்னாள். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. "ம்" என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பாள். ஆக, அவளுடைய கடைசிப் பேச்சு என்று என்னிடம் எதுவும் இல்லை. அவளுடைய கடைசிச் சத்தமாவது செவிடரிடம் இருக்கிறது என்று அந்தப் போனில்தான் தெரிந்தது. சட்டையின் ஒரு பக்கத்தைத் தேய்க்காமலேயே போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. ஒரு மேஜை, ஒரு தட்டு சுழற்றும் இயந்திரம், இரண்டு பெரிய ஸ்பீக்கர், இரண்டு நாற்காலி. செவிடர் ஒன்றில் உட்கார்ந்து மற்றதை எனக்குக் காட்டினார். காட்டிய பிறகு, "அது அவங்களுது," என்றார். உட்கார்ந்தேன். இடது பக்கம் கிறீச்சென்றது.

அவர் என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். ஒல்லி. நரைத்த முடியை அழகாக வெட்டியிருந்தார். முன்பு பார்த்தபோது இதையெல்லாம் நான் கவனிக்கவில்லை.

மேஜையில் ஒரு துணியின் மேல் அந்தத் தட்டு இருந்தது. அலுமினியத்தின் மேல் அரக்குப் பூசி, வாசிக்க வாசிக்க ஒலியை நேராக அதில் ஊசியால் வெட்டியது. அதன் மறுபிரதி உலகத்தில் கிடையாது. அரக்கு காய்ந்த சேறு போல வெடித்து, செதில் செதிலாகக் கழன்று கிடந்தது.

"ஒரு தடவைதான் ஊசி தாங்கும்னு எங்களுக்குத் தெரியும்," என்றார். "அவங்க விழுந்த அன்னிக்குதான் இதை ஓட்டினாங்க. நான் வெளியூர். போன்ல, 'நானே ஓட்டிடறேன் செவிடரே'ன்னாங்க. அருமையா ஓட்டியிருக்காங்க. ஊசி போகப் போகப் பின்னாடியே கழண்டிருக்கு."

"அப்ப என்ன பிரச்சினை?"

மேஜையிலிருந்த சின்ன மைக்கைக் காட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அதில் தட்டின் பெயர், பக்கம், தேதி எல்லாம் சொல்லிப் பதிவு செய்வார்கள். சொல்லி முடித்ததும் பொத்தானை அணைத்துவிட்டு ஊசியை வைக்க வேண்டும். அன்று அவள் அணைக்கவில்லை.

"ஆன்ல இருந்தா சிவப்பு லைட் எரியும். பல்பு போய் ரொம்ப நாளாச்சு. மாத்தணும் மாத்தணும்னு நான்தான்..." என்று நிறுத்தினார். "இதை வெளியிடப் போறாங்க. அந்த பேண்டோட நல்ல பதிவே இது ஒண்ணுதான். அவங்க சத்தத்தை எடுத்தாகணும். ஹெட்போன் போட்டிருந்ததால மைக்குல இசை விழலை, அவங்க மட்டும்தான் விழுந்திருக்காங்க. மைக்கும் தட்டும் ஒரே பதிவாக் கலந்துடுச்சு. ஆனா அந்த ஹால்லயும் ஆளுங்க இருக்காங்க. இருமறாங்க, சிரிக்கிறாங்க, காலைத் தேய்க்கிறாங்க. எதை எடுக்கறது, எதை விடறது?"

போட்டார். அவள் குரல் முதலில் வந்தது. தட்டின் பெயர், பக்கம், தேதி. அலுவலகக் குரல். என்னிடம் அந்தக் குரலில் அவள் பேசியதே இல்லை. ஒரு நொடி அது யாரோ என்று நினைத்தேன்.

பிறகு மழை. மழைக்குள் டிரம்பெட்டுகள்.

மேஜையிலிருந்த கணினித் திரையில் ஒலி படமாக ஓடியது. செவிடர் ஒரு வெளிச்சப் புள்ளியில் நிறுத்தினார்.

"இந்த டிக் டிக்?" என்றேன்.

"பென்சில். ரப்பர் இருக்கற முனை. மேஜையில தட்டுவாங்க."

வீட்டில் அவள் பென்சில் எடுத்து நான் பார்த்ததில்லை.

"இது?"

"அந்த நாற்காலி. இடது பக்கம் சாஞ்சாத்தான் கத்தும்."

"எல்லாம் உங்களுக்கே தெரியுதே. என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"என்ன?"

"என்னை எதுக்குக் கூப்பிட்டீங்கன்னேன்."

"இதெல்லாம் சாமான் சார். பென்சில், நாற்காலி. மூச்சு எனக்குத் தெரியாது."

அந்தப் பதிலில் ஆறுதல் இருந்தது. வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு சின்ன உறிஞ்சல் வந்தது. "இது டான்ஸ் ஆடற யாரோ," என்றார்.

"இல்லை. அவதான். தூசி ஒத்துக்காது. மூக்கை உறிஞ்சுவா."

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அந்தப் புள்ளியைச் சுற்றிக் கோடு போட்டார். இன்னொரு இடத்தில் தொண்டையிலிருந்து ஒரு முனகல். "இது சாக்ஸபோன் மூச்சா?" என்றார். "இல்லை. எதையாவது மறுத்துப் பேசப் போறப்ப முதல்ல இப்படித்தான் அவளுக்கு வரும்," என்றேன். அதையும் வளைத்தார். இரண்டு பேரும் ஒரு நிலத்துக்கு எல்லைக்கல் நடுவது போல உட்கார்ந்திருந்தோம். பென்சில் அவருக்கு, மூச்சு எனக்கு.

கொஞ்ச நேரத்தில் நான் அளவு மீறினேன். ஒரு குதிகால் சத்தம் வந்தது. "இதுவும் அவ," என்றேன்.

"சார், அது மரத் தரை. இங்க கார்ப்பெட்."

"சரி. இந்த இருமல்?"

"அது ஆம்பளை இருமல் சார்."

"சளி பிடிச்சிருந்தது அவளுக்கு."

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு மீசை வெச்சு விட்டுடாதீங்க," என்றார். சிரிக்க வேண்டிய இடம்தான். நான் சிரிக்கவில்லை. அவளுடைய ஒரு சத்தத்தைக்கூட வட்டத்துக்கு வெளியில் விட்டுவிடக் கூடாது என்றிருந்தது. இருமலையும் குதிகாலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

பேண்டு உச்சத்துக்குப் போயிற்று. எல்லாரும் சட்டென்று நிறுத்தினார்கள். டிரம்ஸ் மட்டும் தனியே ஓடியது. ஓடி, அதுவும் நின்றது. எதுவோ விழுந்து உருண்ட சத்தம். பிறகு அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பின் முன்னால், ஒரு பெண் சிரிப்பு.

செவிடர் நிறுத்தினார்.

"இது ஹால்ல முன்வரிசையில யாரோ," என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ சிரிப்பு."

"எனக்கு அப்படித் தோணலை."

"என் பொண்டாட்டி சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

"அவ இப்படிச் சிரிச்சு நான்..." என்றவர், உடனே, "அவங்க," என்று திருத்திக்கொண்டார்.

அந்த 'அவ' எனக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. அந்த அறை அதற்காகவே கட்டப்பட்டது.

"எடுத்துடுங்க," என்றேன். "இதையும் எடுங்க. ஒண்ணு விடாம எடுங்க. எடுத்ததையெல்லாம் எனக்குத் தனியா சேத்துக் கொடுங்க. அங்க அவ இருக்க வேண்டாம்."

"எங்க?"

"அந்த ஹால்ல."

செவிடர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. வெட்டினார். சின்னப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். வெட்டியதெல்லாம் அதனதன் இடத்திலேயே இருக்கும், நடுவில் பேண்டு இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கும் என்றார். வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். படியேறும்போது, திருடியவன் போலவும் திருட்டுப் பொருளை மீட்டவன் போலவும் இருந்தது.

ஞாயிறு மதியம் கேட்டேன். அவளுடைய ஹெட்போன். அவள் தலைக்கு அளவாக வைத்தது, எனக்கு இறுக்கியது. மாற்றவில்லை.

அலுவலகக் குரல். பிறகு ஒன்றுமில்லை. பிறகு டிக். டிக் டிக். நாற்காலி. மூச்சு. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. டிக் டிக் டிக், கொஞ்சம் பொறுத்து, டிக். நடுவில் எங்கேயோ யாருடையதோ ஓர் இருமல். ஒரு 'ஹா'. மறுபடி பென்சில், இந்த முறை வேகமாக, கேள்வி கேட்டதும் பதில் சொல்வது போல.

இது எனக்குப் பழக்கமான சங்கதி. அடுத்த அறையில் ஒருத்தி போனில் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்பது மாதிரி. அவள் சொல்வதெல்லாம் விழுகிறது. எதிர்முனையில் இருப்பவன் சொல்வது விழவில்லை. அவள் நிறுத்துகிற இடத்தில் அவன் பேசுகிறான். அவள் சிரிக்கிற இடத்தில் அவன் ஏதோ செய்திருக்கிறான். அந்தச் சிரிப்பு வந்தது. வெறும் வெளியில், எதற்கென்றே தெரியாமல். நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன்.

அவளை அவனிடமிருந்து பிரித்துக்கொண்டு வந்ததாக நினைத்திருந்தேன். எனக்குக் கேட்காத அறைக்குள் இரண்டு பேரையும் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன்.

அந்த வாரம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கீழே என் உதவியாளர், ஓய்வு பெற வேண்டிய வயதுக்காரர், குரல் கொடுத்தார்.

"என்னங்க அங்க தாளம் போடறீங்க? கம்பி அறுந்துடப் போகுது."

டார்ச்சின் முனையால் இரும்புச் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். டிக் டிக் டிக், கொஞ்சம் பொறுத்து, டிக். அவள் பங்கு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. அது எதற்குப் பதில் என்றுதான் தெரியவில்லை.

வேலையை முடித்துவிட்டு நேராக அந்த அடித்தளத்துக்குப் போனேன். கிரீஸ் கையோடு போனதால் செவிடர் கைதுடைக்கத் துணி கொடுத்தார்.

"முழுசாப் போடுங்க," என்றேன். "வெட்டறதுக்கு முன்னாடி இருந்தது."

"முதல்ல வெட்டினதைக் கேளுங்க. வேலை முடிஞ்சிடுச்சு."

கேட்டேன். மழையைப் பாதிக்குமேல் குறைத்திருந்தார். அரங்கம் விரிந்திருந்தது. இப்போதுதான் முதல் தடவையாக அந்தக் கிளாரினெட்காரர் எழுந்து நடந்து வந்தது கேட்டது. அவள் சொன்னது சரி. வர வர வளர்ந்தார். ஒரு டிரம்பெட் ஸ்வரம் பிசகியது. பிசகியதும் பக்கத்து ஆட்கள் அவனைக் காப்பாற்றுவது போல இன்னும் ஓங்கி ஊதினார்கள். இது பதிவாகிறது என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. ஆடுகிறவர்களுக்காக ஊதினார்கள். ஆடியவர்களும் ஊதியவர்களும் போய்விட்டார்கள். அந்த வேகம் மட்டும் வியர்வையோடு அப்படியே இருந்தது. எல்லாருக்கும் பின்னால், எட்டாத தூரத்தில், அந்தத் தடியன்.

நன்றாகவே வாசித்தான். அவள் இல்லாமலே நன்றாக வாசித்தான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப அவளோட," என்றேன்.

செவிடர் மாற்றினார். ஒரு நிமிடத்துக்குள் விளங்கிவிட்டது. அவள் தாளம் போடவில்லை. தாளம் போடுவதற்கு அங்கே ஆள் இருக்கிறான். அவன் விடுகிற இடைவெளியில் மட்டும் தட்டினாள். அவன் ஒன்று சொல்லி நிறுத்துவான். அவள் டிக் என்பாள். அவன் உடனே அதற்கு மேல் ஒன்று சொல்வான். அவனுக்கு அவள் தட்டுவது கேட்க வழியில்லை. ஆனால் கேட்டவன் போலவேதான் வாசித்தான்.

பேண்டு நின்றது. டிரம்ஸ் தனியே ஓடியது. ஓடி நின்றது.

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் குச்சி விழுந்து உருண்டது. அதற்கும் பிறகுதான் அரங்கம் சிரித்தது.

"திருப்பிப் போடுங்க."

போட்டார். அதேதான். குச்சி விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் அவள் சிரித்தாள். அந்தத் தட்டை அதற்கு முன் ஒரு தரம்கூட அவள் கேட்டிருக்க முடியாது. ஊசி ஒரு தடவைதான் போயிருக்கிறது.

"கையிலேருந்து நழுவலை சார்," என்றார் செவிடர் மெதுவாக. "வேணும்னே போட்டிருக்கான். ஹாலைச் சிரிக்க வைக்கறதுக்கு. அவங்க அதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. அவன் போடப் போறான்னு."

அவன் சிரிப்பது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. நானும் அவளும் சேர்ந்து வாழ்ந்த காலத்தில், நான் எதையாவது செய்வதற்கு முன்னால் அவள் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. சிரித்திருக்கலாம். நான் கவனித்திருக்க மாட்டேன்.

"இது அவ சிரிப்புன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்," என்றேன்.

"என்ன?"

"சும்மா நடிக்காதீங்க."

கையைக் கட்டிக்கொண்டார். "தெரியும். ஹால்ல யாரோன்னு சொல்லி விட்டுடலாம்னு பார்த்தேன். அது அங்கேயே இருந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு. நீங்க ஒத்துக்கலை. பொண்டாட்டின்னுட்டீங்க. அதுக்கு மேல எனக்கென்ன வாய்?"

அவரை ஒரு அடி அடிக்கலாம் போலிருந்தது. அவர் சொன்னதுதான் சரி என்பதால் இன்னும் பலமாக.

"சிரிப்பை மட்டும் அங்கேயே திருப்பி வெச்சிடுங்க," என்றேன்.

"நிஜமாவா?"

"தனியாக் கேட்டா அது பைத்தியம் சிரிக்கிற மாதிரி இருக்கு. அங்க இருந்தாத்தான் அர்த்தம்."

"எல்லாரும் கேப்பாங்க சார். வாங்கறவன் எல்லாம் கேப்பான்."

"யாருன்னு தெரியாது."

"நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்."

"அதுதான் எனக்குப் பிடிக்கலை," என்றேன். "தடியனுக்கு விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பேன். உங்களுக்கு இல்லை."

செவிடர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்த வழி தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கிரீஸ் துணியை மடித்து மேஜையில் வைத்தேன். அவர் சிரிப்பைத் திருப்பி அதன் இடத்தில் வைத்தார். திரையில் அது ஒரு சின்ன வெளிச்சம். அரங்கத்தின் பெரிய வெளிச்சத்துக்கு முந்தி, தனியாக.

கிளம்ப எழுந்தேன். அவர் எழவில்லை.

"இன்னொண்ணு இருக்கு," என்றார். "உங்களுக்குக் கொடுக்கலை."

"என்ன?"

இந்த முறை அதைக் கேட்டவன் நான்.

"இசை முடிஞ்சதும் வாலை வெட்டிடுவோம். முதல் வேலையே தலையையும் வாலையும் வெட்டறதுதான். ஊசி கடைசி வட்டத்துல சும்மா சுத்திக்கிட்டிருக்கும், அது யாருக்கும் வேண்டாம். இதுல அந்த இடத்துல அவங்க பேசியிருக்காங்க. அதை நான் வெட்டி, எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"எத்தனை தடவை கேட்டீங்க?"

கிரீஸ் துணியை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்தார்.

"யாருகிட்ட பேசறா? போன்லயா?"

"இல்லை. ரூம்ல யாரும் இல்லை. நான் வெளியூர்ல இருந்தேன், சத்தியமா." என் முகத்தைப் பார்த்தார். "உங்களைப் பத்தியும் இல்லை சார். என்னைப் பத்தியும் இல்லை. அதை முன்னாடியே சொல்லிடறேன்."

கடைசிப் பேச்சு. அத்தையிடம் போய், அவள் உண்மையில் சொன்னது இது என்று சொல்லவா போகிறேன்? இல்லை. எனக்கு வேண்டும். அவரிடம் இவ்வளவு நாள் இருந்தது போதும்.

"போடுங்க," என்றேன். "போட்டுட்டு வெளியில இருங்க."

போட்டார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தினால் சத்தமே வராது.

பேண்டு முடிந்தது. அரங்கம் கைதட்டியது. கைதட்டல் நடுவிலேயே தட்டு தீர்ந்துபோய், ஊசி கடைசி வட்டத்தில் சுற்ற ஆரம்பித்தது. சரக், சரக். நாற்காலி இடது பக்கம் கத்தியது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். கை எதையோ தேடித் தடவியது. நின்றது.

"ஐயையோ," என்றாள். பெரிய குரலில் இல்லை. பிறகு மைக்குக்குக் கிட்டே வந்து, அத்தனை பேரையும், டிரம்பெட்காரர்களையும் ஆடியவர்களையும் பின்வரிசைக்காரனையும் ஒன்றாகப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள்.

"மைக்கு ஆன்லயே இருந்திருக்கு. நீங்க யாரும் வெளியில சொல்லிடாதீங்கப்பா."